சனிக்கிழமை கடல், ஞாயிற்றுக்கிழமை வீடு: ஸ்கூபா குழுப் பயணத்துக்கு ஒரு திட்டம்

கேள்வி: ஓசூரில் ஒரே தொழிற்சாலையில் பணிபுரியும் நாங்கள் பத்துப் பேர், டிசம்பர் மாத வார இறுதி ஒன்றில் புதுச்சேரிக்குச் சென்று, காற்றுச் சிலிண்டருடன் கடலுக்கடியில் இறங்கும் ஸ்கூபா முக்குளிக்க விரும்புகிறோம். வெள்ளி இரவு வேனில் கிளம்பி, சனிக்கிழமை ஊர் சுற்றிவிட்டு, ஞாயிறு காலை கடலில் இறங்கி, மதிய உணவு முடிந்ததும் திரும்பிவிடலாம் என்பது எண்ணம். இருவரிடம் ‘ஓப்பன் வாட்டர்’ என்னும் அடிப்படை முக்குளிப்புச் சான்றிதழ் இருக்கிறது. நால்வருக்கு நீச்சல் தெரியாது. ஒருவர் ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பயன்படுத்துகிறார். இந்தத் திட்டம் சரிதானா?

பதில்: உங்கள் திட்டத்தில் இரண்டு நாட்களின் வரிசையை அப்படியே மாற்றிப் போட வேண்டும். கடல் சனிக்கிழமையும், ஊர் சுற்றுவது ஞாயிற்றுக்கிழமையும் இருக்கட்டும். காரணம் புதுச்சேரியில் இல்லை, ஓசூரில் இருக்கிறது. உங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் உடலின் மீதுள்ள அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்காகிறது. அந்த அழுத்தத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் இரத்தத்திலும் திசுக்களிலும் கூடுதலாகக் கரைகிறது. மேலே வந்த பிறகு மூச்சின் வழியாக அது வெளியேறிவிடும் என்றாலும், முழுவதும் வெளியேறப் பல மணி நேரம் பிடிக்கும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குப் போனால், சோடா பாட்டிலைத் திறந்ததும் நுரைப்பதைப் போல, மிச்சமிருக்கும் நைட்ரஜன் குமிழிகளாகித் திசுக்களில் தங்கக்கூடும். முக்குளிப்பவர்கள் ‘பெண்ட்ஸ்’ என்று சொல்லும் இந்த நோய், மூட்டு வலியாகவோ, தோலில் தடிப்பாகவோ, கைகால் மரத்துப்போவதாகவோ வெளிப்படும். இதற்காகத்தான் ஒரே ஒரு முறை முக்குளித்தவர் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை முக்குளித்தவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாமல் காத்திருக்க வேண்டும் என்று பரிந்துரைக்கிறார்கள். விமானத்தை எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், மலைச்சாலையைத்தான் மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தப் பரிந்துரை சுமார் 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்கள் அனைத்துக்கும் உரியது; செஞ்சி, திருவண்ணாமலை வரை சமவெளியாக வரும் உங்கள் வேன், கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரிப் பக்கம் ஏறும்போது அந்த எல்லையைக் கடந்துவிடுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஒரு முறை மட்டும் இறங்கிய புதியவருக்கு இந்த ஆபத்து மிகச் சிறியதே. சான்றிதழ் பெற்ற உங்கள் நண்பர்கள் இருவரும் 18 மீட்டர் வரை இரண்டு முறை இறங்கினால் அப்படிச் சொல்ல முடியாது. எல்லோரும் ஒரே வேனில் திரும்புவதால், அவர்களுக்குரிய 18 மணி நேரத்தையே பத்துப் பேருக்கும் கணக்காக வையுங்கள்.

ஆகவே வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து, இரவு உணவுக்குள் புதுச்சேரி சேர்ந்து, நன்றாக உறங்குங்கள். வேனில் விழித்திருந்த உடம்போடு கடலில் இறங்குவது நல்லதல்ல. புதுச்சேரி என்றதும் வேறு சில திட்டங்களும் குழுவில் முளைக்கும் என்பதை அறிவேன். அவற்றைச் சனிக்கிழமை இரவுக்கு ஒத்திவையுங்கள். சனி காலை, கடற்காற்று வலுக்கும் முன், சான்றிதழ் உள்ள இருவரும் முதல் படகில் செல்லட்டும். அவர்கள் கடைசியாக இறங்கி ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தால், அதற்கு முன்பே நீச்சல்குளத்தில் ஒரு மீள்பயிற்சி தேவைப்படும். அதே நேரத்தில் மற்றவர்கள் குளத்தில் பயிற்சி பெற்று, அடுத்த படகில் போகலாம். மதியம் ஒரு மணிக்குள் எல்லோரும் கரையேறிவிட்டால், ஞாயிறு காலைப் பலகாரம் முடிந்ததும் ஊரைச் சுற்றிவிட்டுத் தடையின்றிக் கிளம்பலாம்.

நீச்சல் தெரியாத நால்வரும் பயிற்றுநரின் நேரடிப் பிடியில் ஒரு முறை இறங்கிப் பார்க்க முடியும். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. உண்மையில் ஐந்தாறு மீட்டரே அவர்களுக்குப் போதும். பயிற்றுநர் ஒருவருக்கு நீச்சல் தெரியாதவர் ஒருவர் என்ற ஏற்பாட்டைக் கேட்டுப் பெறுங்கள். கட்டணம் கூடினாலும் இதில் பேரம் பேச வேண்டாம். குளத்தில் அவர்கள் படிய வைத்துக்கொள்ள வேண்டிய பழக்கம், வாயில் கவ்விக்கொள்ளும் ரெகுலேட்டர் என்ற மூச்சுக் கருவியில் தொடர்ந்து சுவாசிப்பதும் எந்த நிலையிலும் மூச்சை அடக்காமலிருப்பதும்தான். பயந்து மூச்சைப் பிடித்தபடி மேலே எழும்பினால், ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்துகூட நுரையீரலுக்குள் காற்று விரிந்து காயம் உண்டாக்கலாம். காது அடைப்பதை, வலி தொடங்குவதற்கு முன்பே மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிச் சரிசெய்துகொண்டே இறங்க வேண்டும். சளி பிடித்தவர் அன்றைக்குக் கரையில் இருப்பதே முறை. மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கினால், அதன் வேகம் கடலுக்கடியில் தணிந்து, ஏறும்போது காது அடைத்துக்கொள்ளும்.

ஆஸ்துமா உள்ள நண்பர் பயண நாளில் முக்குளிப்பு மையம் தரும் உடல்நலப் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதிவிடக் கூடாது. சுருங்கிய மூச்சுக்குழாயில் சிக்கும் காற்று மேலேறும்போது விரிவடையும் என்பதால், அவருடைய மருத்துவர் நுரையீரல் பரிசோதனை செய்து எழுத்தில் அனுமதித்தால் மட்டுமே இறங்கலாம். அனுமதி கிடைக்காவிட்டால் அவர் படகில் வரட்டும், அவருடைய பங்குப் பணத்தைக் குறைத்துவிடுங்கள். கட்டிய பணம் வீணாகிறதே என்ற எண்ணம்தான் பலரை நோயை மறைக்கத் தூண்டுகிறது.

டிசம்பரைக் கைவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் அந்தக் கடல் கொந்தளித்தும் கலங்கியும் இருக்கும். பிப்ரவரிக்குப் பிறகு செல்வது நல்லது. அப்போதும் கடல் எந்த நாளிலும் மனம் மாறலாம். எனவே முன்பணம் கட்டுவதற்கு முன், படகு போகாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா, படகில் ஆக்சிஜன் சிலிண்டர் உண்டா, ‘பெண்ட்ஸ்’ சிகிச்சைக்கான அழுத்த அறை எந்த மருத்துவமனையில் இருக்கிறது, அங்கு கொண்டுசேர்ப்பது யார் பொறுப்பு ஆகியவற்றை மையத்திடம் கேளுங்கள். கடைசி இரண்டு கேள்விகளுக்கு உடனடியாகப் பதில் சொல்லத் தெரியாத மையத்தில் பதிவு செய்யாதீர்கள்.