கலைத்துக் கட்டப்பட்ட ராணுவம்

அன்புள்ள ஐயா,

முந்திரி வணிகத்துக்காக 2018 நவம்பரில் தான்சானியாவின் மட்வாராவில் இருந்தேன். வியாபாரிகள் கேட்ட விலை குறைவு என்று சொல்லி, அதிபர் மகுஃபுலி கொள்முதலை ராணுவத்திடம் ஒப்படைத்தார். கிலோவுக்கு 3,300 ஷில்லிங் என்று அரசே விலை வைத்தது. ராணுவ லாரிகளில் கொட்டை மூட்டைகள் போவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பக்கத்தில் உகாண்டாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, கென்யாவில் பிடிக்க முயன்றது. இங்கே மட்டும் அது நடக்கவேயில்லை. இந்த ராணுவம் பலவீனமானது என்பதுதான் காரணமா?

செந்தில், தூத்துக்குடி

அன்புள்ள செந்தில்,

பலவீனம் காரணமல்ல. 1978 அக்டோபர் இறுதியில் உகாண்டாவை ஆண்ட இடி அமீனின் படை ககேரா ஆற்றுக்கு வடக்கிலுள்ள தான்சானியப் பகுதியைப் பிடித்துக்கொண்டபோது, அதை விரட்டிய இதே ராணுவம் எல்லையோடு நிற்கவில்லை. அமீனுக்குத் துணையாக லிபியா அனுப்பிய படையையும் முறியடித்து 1979 ஏப்ரல் 11 அன்று உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவுக்குள் நுழைந்தது.

உங்கள் கேள்விக்கான விடை 1964-இல் இருக்கிறது. சுதந்திரம் பெற்று இரண்டு ஆண்டுகள் கடந்தும் டாங்கனிக்காவின் (இன்றைய தான்சானியாவின் பெருநிலப் பகுதி) ராணுவம் காலனியப் படையின் எச்சமாகவே, பெரும்பாலும் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கீழ் இருந்தது. ஊதிய உயர்வு வேண்டும், அந்த அதிகாரிகள் போகவேண்டும் என்று ஜனவரி 20 அன்று டார் எஸ் சலாமின் கொலிட்டோ முகாமில் வீரர்கள் கலகம் செய்தார்கள். அதிபர் நியரேரே தலைமறைவானார்; அமைச்சர் கம்போனா வீரர்களோடு பேச்சு நடத்தினார். கடைசியில், எந்த நாட்டிடமிருந்து விடுதலை பெற்றாரோ அந்த நாட்டின் படையையே நியரேரே அழைக்க நேர்ந்தது. ஜனவரி 25 அன்று பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இறங்கிக் கலகத்தை அடக்கினார்கள். அதைவிடப் பெரிய அவமானம் அவருடைய அரசியல் வாழ்வில் வேறு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அதே வாரம் உகாண்டாவிலும் கென்யாவிலும் கலகம் மூண்டது, அங்கும் பிரிட்டிஷ் படையே அடக்கியது. ஆனால் உகாண்டாவின் அன்றைய பிரதமர் ஒபோட்டே ஊதியத்தை உயர்த்தி அதே ராணுவத்தை வைத்துக்கொண்டார். அதில் மளமளவென்று பதவி உயர்ந்தவர்களில் ஒருவரான அமீன் 1971-இல் அவரைக் கவிழ்த்தார். தேதியும் ஜனவரி 25 என்பது வரலாற்றின் குறும்பு.

நியரேரே தன் ராணுவத்தை ஏறத்தாழ முழுமையாகக் கலைத்தார். ஆளும் கட்சியின் இளைஞர் அணியிலிருந்து புதிதாக ஆள் எடுத்தார். வீரர்கள் கட்சி உறுப்பினராகலாம் என்றார், படைப்பிரிவுகளில் அரசியல் பொறுப்பாளர்களை அமர்த்தினார். 1964 செப்டம்பரில் பிறந்த அந்தப் படையின் ஸ்வாஹிலிப் பெயருக்கு 'மக்களின் படை' என்று பொருள். பிரிட்டிஷார் எத்தியோப்பியாவில் நடத்திய ஒரு சண்டையின் பெயரைத் தாங்கியிருந்த கொலிட்டோ முகாம், 1891-இல் அந்நாட்டின் ஹெஹே மக்கள் ஜெர்மானியப் படையை அழித்த லுகாலோவின் பெயரைப் பெற்றது.

இந்த ஏற்பாட்டை நான் முழுதும் மெச்சவில்லை. 1983-இல் ஒரு சதி வெளிப்பட்டு ராணுவத்தினர் கைதானார்கள் என்பதால், அது முற்றிலும் ஓட்டையற்றதும் அல்ல. அதைவிட முக்கியமாக, ஆட்சியைப் பிடிக்கும் தேவை இல்லாதபடி ராணுவம் ஆளும் கட்சியின் வீட்டுக்குள்ளேயே குடியமர்த்தப்பட்டது. 2005-இல் அதிபரான கிக்வெட்டே ராணுவ அதிகாரியாகவும் கட்சிக்காரராகவும் ஒரே நேரத்தில் இருந்தவர். 1992-இல் பலகட்சி முறை வந்து, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய நிலையில்தான் அவர் சீருடையைக் கழற்றினார். சட்டம் அன்று மாறியது. ஆனால் வட்டார ஆட்சியாளர் பதவிகளில் ராணுவ அதிகாரிகளை அமர்த்தும் வழக்கம் அதன்பின்னும் தொடர்ந்தது.

நீங்கள் பார்த்த லாரிகள் அந்த வீட்டிலிருந்து வந்தவை. மூட்டை தூக்கியது வீரர்களுக்கு இழுக்கு என்று நான் நினைக்கவில்லை. அரசு தன் வியாபாரத் தகராறுக்குள் ராணுவத்தை இழுத்தபோது, அது தன் வேலையா என்று கேட்க அங்கே ஒருவரும் இல்லை என்பதே என் கவலை. லாரிகள் உடனே வந்தன; விவசாயிகள் பலருக்குப் பணம்தான் மாதக்கணக்கில் வந்துசேரவில்லை.