பூச்சி படிக்க ஆசை: விலங்கியலா, வேளாண்மையா?

கேள்வி: பிளஸ் டூ முடித்திருக்கும் என் மகள் எருக்கிலைப் புழுவை பாட்டிலில் வளர்த்து, பட்டாம்பூச்சியானதும் பறக்கவிடுவாள். பூச்சியியல்தான் படிப்பேன் என்கிறாள். பி.எஸ்சி. விலங்கியலில் சேர்க்கலாமா? படித்தால் வேலை கிடைக்குமா? தெரிந்தவர் ஒருவர் வெளிமாநிலத்தில் வேளாண்மை சீட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: முதலில், அந்தத் தெரிந்தவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்காதீர்கள். போன வருடம் என்னைப் பார்க்க வந்த ஒரு பையன் அப்படிச் சேர்ந்து நாலு வருடம் படித்தவன். மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போதுதான் அவன் கல்லூரிக்கு இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) அங்கீகாரமே இல்லை என்று தெரிந்தது. அந்தக் கழகத்தின் முதுநிலை நுழைவுத்தேர்வை அவனால் எழுத முடியவில்லை. "யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதே" என்பார்கள் தரகர்கள். அது வேறு, இது வேறு. கழகத்தின் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. கல்லூரியின் பெயரோடு, அங்கீகாரம் எந்த வருடம் வரை என்பதையும் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயிர்ப் பூச்சிகள்தான் அவளுக்கு ஆர்வம் என்றால் பி.எஸ்சி. வேளாண்மையில் சேருங்கள். கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கலந்தாய்வு நடக்கும், நீட் வேண்டாம். விலங்கியல் படித்துவிட்டு அங்கே எம்.எஸ்சி. வேளாண் பூச்சியியலுக்குப் போக முடியாது. இந்த விதியில் எனக்குத் துளியும் உடன்பாடில்லை. சேகரிப்புக்காக வண்டை ஊசியில் குத்தி வைக்கும்போது ஊசி அதன் வலது முன்னிறக்கையில்தான் இறங்க வேண்டும், இடது பக்கம் சிதையாமல் இருக்க வேண்டும் என்று கல்லூரிக்கு வருமுன்பே தெரிந்த விலங்கியல் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பட்டத்தின் பெயரைப் பார்த்தே அவர்களைத் திருப்பி அனுப்புகிறோம். நாட்டுக்குத்தான் நஷ்டம்.

விலங்கியலில் சேர்ந்தாலும் ஒரு நல்ல வழி இருக்கிறது. பல பெற்றோருக்கு இது தெரியாது என்பதால் விவரமாகவே சொல்கிறேன். புதுச்சேரியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இயங்குகிறது. அங்கே பொது சுகாதாரப் பூச்சியியலில் 2 வருட எம்.எஸ்சி. உண்டு, புதுவைப் பல்கலைக்கழகப் பட்டம். இதற்கு விலங்கியல் பட்டதாரிகள் விண்ணப்பிக்கலாம். டெங்கு, மலேரியா, யானைக்கால் நோய் என்று கொசு பரப்பும் நோய்கள்தான் பாடத்தின் மையம். ஆனால் இது கொசுவும் உண்ணியும் சார்ந்த படிப்பு, பட்டாம்பூச்சிப் படிப்பல்ல. தேங்கிய தண்ணீரில் கரண்டி விட்டுக் கொசுப்புழுவை எண்ணும் வேலைக்கு அவள் தயாரா என்று கேளுங்கள்.

வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். சுகாதாரத் துறையில் பூச்சியியல் வல்லுநர் பணியிடங்கள் இருக்கின்றன. ஆனால் காய்ச்சல் பரவினால்தான் அரசுக்கு அவற்றின் நினைவு வருகிறது. அறிவிப்புக்காகக் காத்திருக்கும் பொறுமை வேண்டும். வேளாண்மைப் பக்கம் ஆராய்ச்சி நிலையங்கள், பல்கலைக்கழகங்கள், விதை மற்றும் மருந்து கம்பெனிகள் என்று கதவுகள் கூடுதல்.

அப்புறம், அவள் அடுத்து வளர்க்கும் புழுவுக்கு ஒரு சின்னச் சீட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எடுத்த இடம், தேதி, தின்ற செடி, கூட்டுப்புழுவான நாள். அந்தச் சீட்டுகளோடு வந்தால் அரை மணி நேரம் அவளோடு பேச எனக்கு ஆசைதான்.