கொலை என்ற ஒற்றைச் சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் செய்திகளை மொழிபெயர்க்கும் வேலையில் இருக்கிறேன். அமெரிக்கப் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஒன்றில் இருந்த ‘ஹோமிசைட்’ என்ற சொல்லைக் ‘கொலை’ என்று எழுதினேன். வழக்கே தொடங்காதபோது அப்படி எழுதலாமா என்று கேட்டுத் திருத்தினார்கள். மர்டர், மேன்ஸ்லாட்டர், அசாசினேஷன் எதைத் தேடினாலும் அகராதி கொலைக்கே கொண்டுவந்து விடுகிறது. வேறுபாட்டை விளக்குவீர்களா?

கே.

அன்புள்ள கே.,

திருத்தியவர் பக்கமே நியாயம் இருக்கிறது. ஒருவர் இன்னொருவரின் செயலால் இறந்தார் என்பதற்கு மேல் ஹோமிசைட் எதையும் சொல்வதில்லை. தற்காப்புக்காகச் சுட்டதும் அதில் அடங்கும். 2020 மே மாதம் மினியாபொலிஸில் காவலர் டெரக் ஷாவினின் முழங்காலுக்கடியில் ஜார்ஜ் ஃபிளாய்ட் இறந்தபோது, ஹென்னெப்பின் கவுன்டி மருத்துவ ஆய்வாளர் அலுவலகம் அதை ஹோமிசைட் என்று பதிந்ததோடு, இந்த வகைப்பாடு எவருடைய குற்றத்தையும் நோக்கத்தையும் சட்டப்படி தீர்மானிப்பதல்ல என்றும் குறிப்பிட்டிருந்தது. ‘கொலை’ என்று நாம் எழுதும்போது அந்தக் குறிப்பு காணாமல் போகிறது. ‘பிறர் செயலால் நேர்ந்த மரணம்’ என்பது தலைப்புக்கு நீளம்தான், ஆனால் பிழையில்லை.

மர்டர் என்பது சட்டம் கண்டிக்கும் கொலை. அதற்காக அதைத் ‘திட்டமிட்ட கொலை’ என்று எழுதிவிடவும் கூடாது. இங்கிலாந்துச் சட்டத்தில் கொல்லும் எண்ணம் வேண்டும் என்பதில்லை, கொடுங்காயம் விளைவிக்கும் எண்ணமே மர்டருக்குப் போதும். 2021 ஏப்ரலில் ஷாவின் மீது உறுதியான மூன்று குற்றங்களில் இரண்டு மர்டர், ஒன்று மேன்ஸ்லாட்டர். அந்த இரண்டு மர்டர்களில் எதற்கும் கொல்லும் நோக்கத்தை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

நம்மை அதிகம் ஏமாற்றுவது மேன்ஸ்லாட்டர். ஸ்லாட்டர் என்றதும் கசாப்புக்கடை நினைவுக்கு வருவதால் ‘மனிதப் படுகொலை’ என்று எழுதுபவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழில் படுகொலை கொலையைவிடக் கொடியது, ஆங்கிலத்தில் மேன்ஸ்லாட்டரோ மர்டரைவிடக் குறைந்த குற்றம்: தன்னிலை இழந்து அடித்ததிலோ மிக மோசமான கவனக்குறைவிலோ உயிர் போவது போன்றவை அதில் வரும். இந்தியச் சட்டம் இந்தச் சொல்லையே கையாள்வதில்லை. 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 299, 300 பிரிவுகளும், இன்று அவற்றின் இடத்தில் நிற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 100, 101 பிரிவுகளும் செய்யும் பாகுபாட்டை ஒட்டி, ‘கொலைக் குற்றமாகாத மரணம் விளைவித்தல்’ என்ற நீண்ட தொடர் நம் நாளிதழ்களில் புழங்குகிறது. மேன்ஸ்லாட்டருக்கு அச்சாகப் பொருந்தாவிட்டாலும், ஒற்றைச் சொல்லால் தவறு செய்வதைவிட நான் அதையே ஏற்பேன்.

அசாசினேஷன் சட்டப்பிரிவின் பெயராக என்பதைவிட, பெரும்பாலும் அரசியல் காரணத்துக்காகப் பொதுவாழ்வில் இருப்பவர் குறிவைத்துக் கொல்லப்படுவதைச் சுட்டும் சொல்லாகவே வழங்குகிறது. அதற்கும் நாம் படுகொலை என்கிறோம்: ராஜீவ் காந்தி படுகொலை, 1991. ஜாலியன்வாலா பாக், 1919, அதுவும் படுகொலைதான். ஒருவரைக் குறிவைத்ததற்கும் கூட்டத்தின் மீது சுட்டதற்கும் தமிழில் ஒரே சொல் நிற்பதால், முன்னதை எழுதும்போது ‘அரசியல் கொலை’ என்றே நான் எழுதிவருகிறேன்.