நாற்பது டோனட் கணக்கு

வணக்கம் சார்,

திருப்பாதிரிப்புலியூரில் ஒரு சந்துக்குள் இப்படி ஒரு பேக்கரி இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. வெளியே பெயர்ப்பலகைகூட மங்கிப்போய் இருக்கிறது. கணவர் அடுப்பில், மனைவி கல்லாவில், தட்டு எடுத்துத் தர மகன். அவ்வளவுதான் ஆட்கள். காலையில் பன், ரஸ்க். சாயங்காலம் நான்கு மணிக்கு டோனட். மேலே சர்க்கரை மட்டும்தான், வேறு அலங்காரம் கிடையாது. பின்னாலிருக்கும் கடாய் வாசலிலிருந்தே தெரியும். ஒரு ஈட்டுக்கு ஆறு போடுகிறார். மொத்தம் நாற்பது. ஐந்து மணிக்குக் காலி. கலர் கலராக அடுக்கி வைக்கும் பெரிய கடை டோனட்டெல்லாம் இதன் பக்கத்தில் நிற்காது. ஏன் அப்படி?

பையன் பிறந்தநாளுக்கு நூறு கேட்டேன். "நாப்பதுக்கு மேல முடியாதும்மா" என்று கல்லாவிலிருந்த அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். வருகிற வியாபாரத்தை வேண்டாம் என்கிறவர்களை என்ன சொல்வது?

சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். அரைக் கிலோ மைதா, 150 கிராம் சர்க்கரை, ஒரு டேபிள்ஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால், வெண்ணெய். நன்றாக உப்பட்டும் என்று இரண்டு மணி நேரம் மூடி வைத்தேன். வெட்டிய பிறகு இன்னும் ஒரு மணி நேரம். எண்ணெயில் போட்டதும் சுருங்கித் தட்டையாகி எண்ணெயைக் குடித்துவிட்டது. சிலது வெளியே கறுத்து உள்ளே பச்சை மாவு. மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்தேன், மறுநாள் ரப்பர். எங்கே தப்பு?

இன்னும் இரண்டு. டோனட்டைப் பிரெஞ்சுக்காரர்கள்தான் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள் என்கிறார் என் மாமனார், உண்மையா? இதில் முட்டை உண்டா?

ஒரு வாசகி,
மஞ்சக்குப்பம், கடலூர்

*

அன்புள்ள வாசகிக்கு,

அந்த அம்மா சொன்ன நாற்பதிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான விடையும் அதற்குள்ளேயே கிடக்கிறது.

ஈஸ்ட் போட்ட டோனட் 180 டிகிரி எண்ணெயில் ஒரு பக்கம் 60 முதல் 75 விநாடி வேகவேண்டும். திருப்பிப் போட்டு மறுபக்கமும் அதே நேரம். எடுத்து வடியவைக்க, எண்ணெய் பழைய சூட்டுக்குத் திரும்ப இன்னும் அரை நிமிடம். ஆக, ஓர் ஈட்டுக்கு மூன்று நிமிடம். நாற்பது டோனட் என்றால் ஏழு ஈடு, 21 நிமிடம். கடாயைவிட முக்கியமான கடிகாரம் ஒன்று தட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. வெட்டி வைத்த மாவு எழும்பி, பொரிக்கத் தயார் என்ற நிலைக்கு வந்தபின், கடலூர் வெக்கையில் சுமார் இருபது நிமிடம்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் காற்றறைகளின் சுவர் மெலிந்து, கரண்டி பட்டாலே பொதுக்கென்று அமுங்கிவிடும். முதல் ஈடு சற்று இளசாகப் போகும், கடைசி ஈடு முதிர்வின் விளிம்பில் போகும். இந்த இரண்டுக்கும் நடுவே அடங்குவதுதான் நாற்பது.

நூறு போட வேண்டுமானால், இருபது இருபது நிமிட இடைவெளியில் மூன்று தடவை மாவு பிசையவேண்டும். அல்லது மாவைக் குளிரில் நிறுத்திவைக்கப் பெரிய குளிர்பெட்டி வேண்டும். அல்லது இன்னொரு கடாயும் இன்னொரு ஆளும் வேண்டும். மூன்று பேர் கடையில் மூன்றும் இல்லை. ஒரே மாவில் நூறும் போட்டுத் தந்திருக்கலாம், காசும் வந்திருக்கும். கடைசி அறுபதும் உங்கள் வீட்டில் வந்ததைப் போல வந்திருக்கும்.

இனி உங்கள் அடுப்படி. நீங்கள் பின்பற்றிய செய்முறை குளிர்நாட்டு ஆட்களுக்கு எழுதியது என்று ஊகிக்கிறேன். 20 டிகிரி சமையலறையில் வெதுவெதுப்பான பாலும், கூடுதல் ஈஸ்ட்டும், இரண்டு மணி நேரமும் சரி. நம் அடுப்படி சித்திரையில் 34 டிகிரி. பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26, 27 டிகிரியில் நிற்கவேண்டும். பிசைகிற உரசலே மாவைச் சில டிகிரி சூடாக்கும் என்பதால், பாலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லிப்போடு அப்படியே ஊற்றுங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டுக்கு வெதுவெதுப்பு தேவையே இல்லை, மைதாவோடு நேராகக் கலக்கலாம். உருண்டை உருண்டையாக வரும் பழைய வகை ஈஸ்ட்டைத்தான் இளஞ்சூட்டுப் பாலில் கரைத்து நுரைக்க விடவேண்டும்.

அளவு இது: மைதா 500 கிராம், சர்க்கரை 60, உப்பு 8, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5, வெண்ணெய் 50, முட்டை ஒன்று, பால் 230 மில்லி. மைதா பாக்கெட்டின் பின்னால் 100 கிராமுக்குப் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 10, 11 கிராம் இருப்பது நல்லது. அதற்குக் கீழே இருந்தால் டோனட் எழும்பாமல் கேக் மாதிரி உதிரும். நீங்கள் போட்ட 150 கிராம் சர்க்கரை இரண்டு விதத்தில் கெடுத்திருக்கிறது. மாவின் ஈரத்தை இழுத்துக்கொண்டு ஈஸ்ட்டையும் மாவின் பிடிப்பையும் தளர்த்தியது ஒன்று. எண்ணெயில் சீக்கிரம் கருகி, உள்ளே வேகுமுன் எடுக்க வைத்தது இன்னொன்று. இனிப்பு மேலே தூவுகிற சர்க்கரையில் இருந்தால் போதும்.

வெண்ணெயை முதலிலேயே போடாதீர்கள். ஐந்து நிமிடம் பிசைந்து மாவு ஒன்றுசேர்ந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். கையில் ஒட்டும், ஒட்டட்டும். ஒட்டுகிறதே என்று மைதாவை அள்ளிப் போடுவதில்தான் வீட்டு டோனட்டில் பாதி கெட்டுப்போகிறது. கையால் பிசைந்தால் மொத்தம் 15 நிமிடம் ஆகும். ஒரு நெல்லிக்காய் அளவு கிள்ளி இரண்டு கையாலும் மெல்ல விரித்துப் பாருங்கள்; கிழியாமல், அந்தப் பக்க வெளிச்சம் தெரிகிற அளவுக்கு விரிந்தால் பிசைந்தது போதும்.

முதல் எழுச்சிக்கு 45 நிமிடம். மணியைப் பார்ப்பதைவிட மாவைப் பாருங்கள்: இரண்டு மடங்கானதும் நிறுத்திவிட வேண்டும். மார்கழியில் இதே மாவு ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்கும். இன்னும் வசதியான வழி, இரவே பிசைந்து மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாள் எடுப்பது. 8 முதல் 12 மணி நேரம் தாங்கும். வாசமும் கூடும், குளிர்ந்த மாவு வெட்டவும் எளிது. காற்றை அமுக்கி எடுத்து, அரை அங்குலக் கனத்துக்குத் தேய்த்து, 8 செ.மீ. வாய் உள்ள டம்ளரால் நேராக அமுக்கி வெட்டுங்கள். திருகாதீர்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஒருபக்கம் சாய்ந்து எழும்பும். நடுவே ஒரு பாட்டில் மூடி. ஒன்று 50 கிராம் என்றால் 16 முதல் 18 வரை வரும். ஒவ்வொன்றையும் எண்ணெய் தடவிய சதுர பட்டர் பேப்பரில் தனித்தனியாக வையுங்கள். பொரிக்கும்போது பேப்பரோடு தூக்கி எண்ணெய் ஓரத்தில் சரித்துவிடலாம், விரல் பட்டு அமுங்காது.

அடுத்த 25, 30 நிமிடம்தான் பரீட்சை. நீங்கள் விட்ட ஒரு மணி நேரம் இந்த ஊருக்கு இரட்டிப்பு. விரல் நுனியால் ஓரத்தில் லேசாகத் தொட்டுப் பாருங்கள். குழி சட்டென்று மேலே வந்தால் இன்னும் நேரம் வேண்டும். மெதுவாக வந்து கொஞ்சம் தடம் மிச்சம் நின்றால், உடனே அடுப்பு. வரவே இல்லை என்றால் முதிர்ந்துவிட்டது. அதைத் திரும்ப உருட்டிப் பன்னாகச் சுட்டுவிடலாம், வீணில்லை. இந்த நேரத்தில் மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். மேலே தோல் கட்டி, எண்ணெயில் விழுந்ததும் வெடிக்கும். மாவின்மேல் படாதபடி ஈரத்துணி போட்டு மூடினால் போதும்.

எண்ணெய் மூன்று அங்குல ஆழமாவது இருக்கட்டும். வெப்பமானி இல்லையென்றால், வெட்டி எடுத்த நடு உருண்டையே வெப்பமானி. போட்டதும் கொஞ்சம் அமிழ்ந்து, இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்து, ஒரு நிமிடத்துக்குள் பொன்னிறமானால் சூடு சரி. 165-க்குக் கீழே எண்ணெய் குடிக்கும். 190-க்கு மேலே வெளியே கறுத்து உள்ளே மாவாக நிற்கும். உங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கிறது என்றால், அடுப்பைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள். நடுத்தரத் தீயில் விட்டு, எண்ணிக்கையைக் குறையுங்கள். வீட்டுக் கடாய்க்கு மூன்று போதும்.

எண்ணெயில் பெரும்பகுதியை டோனட் கடாயில் குடிப்பதில்லை, வெளியே எடுத்தபின்தான் குடிக்கிறது. உள்ளே இருக்கும் ஆவி குளிர்ந்து சுருங்கும்போது மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயை உள்ளிழுக்கும். அதனால் எடுத்தவுடனே சில விநாடி நிமிர்த்திப் பிடித்து வடித்து, கம்பித்தட்டில் வையுங்கள். செய்தித்தாளில் குவித்தால் அடிப்பக்கம் வேர்த்துப்போகும், அச்சு மையும் ஒட்டும். சர்க்கரை புரட்டுவது கை பொறுக்கும் சூட்டில். கொதிக்கக் கொதிக்கப் புரட்டினால் உருகும், ஆறினால் ஒட்டாது.

கடை டோனட்டில் சர்க்கரை ஒட்டி நிற்கிறதே, வீட்டில் ஈரமாகிவிடுகிறதே என்று அடுத்த கடிதம் வரும். சூரியகாந்தி எண்ணெய் ஆறினாலும் திரவம்தான், சர்க்கரைக்குள் ஊறிவிடும். பேக்கரிகளில் டால்டா போடுவதற்கு விலை மட்டும் காரணமில்லை. அது ஆறும்போது கெட்டிப்படும், மேல்புறம் காய்ந்து தெரியும். டால்டாவுக்கு முன்பிருந்த கெட்ட பெயர் இதயத்துக்குக் கெடுதலான டிரான்ஸ் கொழுப்பால் வந்தது. 2022 ஜனவரியிலிருந்து எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. இப்போது கவனிக்கவேண்டியது பழைய எண்ணெயைத்தான். எண்ணெய் கருத்து, ஓரத்தில் அடங்காத நுரை கட்டி, சீக்கிரமே புகைந்தால் மாற்றும் காலம் தாண்டிவிட்டது. அதை வாங்குகிறவரே டோனட்டில் பார்க்கலாம். நல்ல டோனட்டின் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளை வளையம் ஓடும். லேசாக எழும்பி, எண்ணெயில் பாதிக்குமேல் மிதந்து வெந்ததற்கு அடையாளம் அது. வளையமே இல்லையென்றால் மாவு கனம். வளையம் சாம்பல் நிறமாக இருந்தால் எண்ணெயைச் சந்தேகிக்கலாம்.

பெரிய கடைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே மாவு மோசம் என்று சொல்லமாட்டேன், சில இடங்களில் நன்றாகவே இருக்கும். ஆனால் அவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே கூடத்தில் தயாராகி வண்டியில் வருகிறது. காலையில் அடுக்கியதை இரவு வரை விற்கவேண்டும். இந்தப் பண்டத்துக்கு நல்ல ஆயுள் நான்கைந்து மணி நேரம். அதைத் தாண்டியதை மறைக்கத்தான் சாக்லேட்டும் கலரும் தேவைப்படுகின்றன. சந்துக் கடையில் நான்கு மணிக்குப் பொரித்தது ஐந்து மணிக்குள் தெருக்காரர்கள் வயிற்றில். வெறும் சர்க்கரையோடு நிற்கும் துணிச்சல் அந்த ஒரு மணி நேரத்தால் வருவது.

ஃப்ரிட்ஜ் விஷயம்: அதில் வைத்த சாதம் விறைப்பதைப் பார்த்திருப்பீர்கள், மைதாவிலும் அதேதான். மாவுச்சத்து திரும்ப இறுகுவது ஃப்ரிட்ஜ் குளிரில்தான் மிக வேகம். அன்றைக்குத் தீராததை வெளியிலேயே மூடி வையுங்கள். மறுநாள் குறுக்கே அறுத்து, வெட்டுப்பக்கம் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டினால், என் வாய்க்கு அது முதல் நாள் டோனட்டைவிட ஒருபடி மேல்.

மாமனாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பிரெஞ்சுக்காரர் வழி புதுச்சேரிக்கு வந்தது மைதா, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் மட்டும் சேர்ந்த நீள ரொட்டி. எண்ணெயில் பொரிக்கும் பலகாரம் அவர்களிடமும் உண்டு, பென்யே என்பார்கள். ஆனால் டோனட் அமெரிக்கச் சரக்கு. இன்றைய நியூயார்க் பக்கம் குடியேறிய டச்சுக்காரர்களின் எண்ணெய்ப் பணியாரத்திலிருந்து வந்தது. நடுவில் ஓட்டை போட்டது 1847-இல் நான்தான் என்று ஹேன்சன் கிரெகரி என்ற அமெரிக்க மாலுமி சொல்லிக்கொண்டார். மெதுவடைக்கு அப்படி யாரும் உரிமை கேட்கவில்லை, காரணம் இரண்டுக்கும் ஒன்றே: நடு வேகவேண்டும். 1693 முதல் 1699 வரை புதுச்சேரி டச்சுக்காரர் கையில் இருந்தது என்பதையும் மாமனார் எடுத்துப் போடுவார். அதை வைத்து முடிச்சுப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முட்டை பெரும்பாலும் உண்டு. பாக்கெட்டில் வருவதற்கு அசைவக் குறி இருக்கும். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துத் தருவதை வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்கவேண்டும். வீட்டில் முட்டை வேண்டாம் என்றால் அதற்குப் பதில் 45 மில்லி பாலும் ஒரு டேபிள்ஸ்பூன் பால் பவுடரும் சேருங்கள். நிறம் கொஞ்சம் மங்கும், மென்மை குறையாது.

பிறந்தநாளுக்கு ஒரு வழி இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகப் போய், அன்றைய நாற்பதையும் உங்களுக்கே தர முடியுமா என்று கேளுங்கள். வாடிக்கையாகச் சாயங்காலம் வருகிறவர்கள் ஏமாறுவார்கள் என்று அந்த அம்மா தயங்கினால், காலையில் பன் அடுப்பு ஓய்ந்த பிறகு தனியாக ஒரு மாவு போட்டுத் தரமுடியுமா என்று கேட்டுப் பாருங்கள். குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒன்று போதும். மீதிப்பேருக்கு அவர்களுடைய தேங்காய் பன் சொல்லுங்கள், அதை அடுப்பில் ஒரே நேரத்தில் எத்தனையும் சுடலாம். டோனட்டை அட்டைப்பெட்டியில் அடுக்கி மூடி எடுத்து வராதீர்கள், மஞ்சக்குப்பம் வருவதற்குள் ஆவியில் சர்க்கரை பாகாகிவிடும். வீட்டிலிருந்தே இரண்டு அகலத் தட்டும் ஒரு மெல்லிய துணியும் கொண்டுபோங்கள்.