சேவையைப் பூட்ட முதல் உங்கள் சாமானை எடுங்கள்: கேள்வி பதில்

திருகோணமலை திருஞானசம்பந்தர் வீதியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரே சனிக்கிழமையில் மூன்று பேர் வந்து ஒரே கவலையைச் சொன்னார்கள்: பாவித்துக்கொண்டிருந்த இணையச் சேவையை மூடுகிறார்கள், உள்ளே கிடப்பதை என்ன செய்வது? கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

உப்புவெளி, ஓய்வுபெற்ற ஆசிரியை: தம்பி, லண்டனில் இருக்கும் மகனோடு பத்து வருடமாக ஸ்கைப்பில்தான் கதைத்தேன். அதை மூடிவிட்டார்களாம். எல்லாம் போய்விட்டதா?

டீச்சர், நீங்களாகப் பதிவு செய்திருந்தால் ஒழிய, கதைத்த குரல் அங்கே சேமிக்கப்பட்டிருக்காது. எப்போது, எவ்வளவு நேரம் கதைத்தீர்கள் என்ற குறிப்பு, எழுதிய செய்திகள், அனுப்பிய படங்கள், அவ்வளவுதான் இருந்தன. ஸ்கைப் 2025 மே 5ஆம் தேதி மூடப்பட்டது. பழைய தரவை எடுக்க மைக்ரோசாஃப்ட் தந்த கெடு 2026 ஜனவரி. அதற்குள் யாராவது அதே கணக்கால் மைக்ரோசாஃப்டின் இன்னொரு அழைப்புச் செயலியான டீம்ஸில் ஒருமுறை நுழைந்திருந்தால் செய்திகள் அங்கே வந்திருக்கும். உங்களுக்காகப் பேரப்பிள்ளை செய்திருக்கவும் கூடும், நுழைந்து பாருங்கள்.

மகனிடமும் கேளுங்கள். ஒரு உரையாடலுக்கு இரண்டு கரை உண்டு. அவர் தன் பக்கத்தில் இறக்கி வைத்திருந்தால், நீங்கள் எழுதியதும் அதற்குள் இருக்கும். திறந்ததும் அடைப்புக்குறியும் மேற்கோள்குறியுமாகத் தெரியும். பயப்படாதீர்கள், அது ஜேசன் (JSON) கோப்பு, கணினி வாசிக்கிற மாதிரி எழுதிய தரவு. கடைக்குக் கொண்டு வந்தால் வாசிக்கிற மாதிரி ஆக்கித் தருகிறேன்.

உவர்மலை, வங்கி ஊழியர்: கூகுள் போட்டோசில் இருந்த படங்களை எல்லாம் இறக்கிவிட்டேன், ஏழு ஜிப் கோப்புகள். இனி அங்கே அழிக்கலாமா?

அழிக்காதீர்கள்! ஜிப் என்பது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய மூட்டை. ஏழையும் விரித்துப் பார்த்தீர்களா?

நான் பட்டது இது. பல வருடங்களுக்கு முன் ஒரு இலவசப் படத் தளத்தை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஓடிப்போய் எல்லாவற்றையும் இறக்கி, பெருமையோடு ஒரு மூலையில் போட்டுவிட்டேன். நான்கு மாதம் கழித்துத் திறந்தால் மூன்றாவது ஜிப் பாதியில் அறுந்திருந்தது. தளம் அதற்குள் போய்விட்டது. விஜயதசமி அன்று மகளுக்கு ஏடு தொடக்கிய படங்கள் அந்த மூன்றாவதில்தான் இருந்தன. இப்போது என்னிடம் இருப்பது மாமி போனில் எடுத்த மங்கலான ஒரே படம்.

ஆகவே ஒவ்வொன்றையும் விரியுங்கள். எல்லா வருடத்திலிருந்தும் இரண்டு மூன்று படங்களையும் ஒரு வீடியோவையும் ஓடவிட்டுப் பாருங்கள். எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் அனுப்பும் லிங்க் சுமார் ஒரு வாரம்தான் உயிரோடு இருக்கும். நம்முடைய இணைய வேகத்துக்குக் கோப்பின் அளவை 50 ஜிபி என்று தெரிவு செய்யாமல் 2 ஜிபி என்று வையுங்கள். ஒன்று அறுந்தாலும் அதை மட்டும் திரும்ப இறக்கலாம். படத்தோடு வரும் சின்ன ஜேசன் கோப்புகளைக் குப்பை என்று வீசாதீர்கள். நீங்கள் பிறகு திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் அதற்குள்தான் இருக்கும்.

அப்புறம் இன்னொன்று. போனில் பேக்அப் ஓடிக்கொண்டிருக்கும்போது கூகுள் போட்டோசில் ஒரு படத்தை அழித்தால் போனிலிருந்தும் போகும். இதைத் தெரியாமல் அழுதுகொண்டு வந்தவர்களை எண்ண என் விரல்கள் போதாது.

நிலாவெளி, விருந்தினர் விடுதி: கூகுள் இலவசமாகத் தந்த பக்கத்தில்தான் விடுதியின் படம், விலை எல்லாம் போட்டிருந்தோம். ஒரு நாள் காணவில்லை.

உங்கள் பிழை இல்லை. வணிகக் கணக்கோடு தந்த அந்த இலவசப் பக்கங்களைக் கூகுள் 2024 மார்ச்சில் நிறுத்தியது. ஜூன் 10 வரை பழைய முகவரிக்கு வந்தவர்களை கூகுளில் உள்ள உங்கள் வணிகக் குறிப்புக்குத் திருப்பிவிட்டது, அதன்பின் அதுவும் இல்லை. பழைய இணையப் பக்கங்களைப் பிரதி எடுத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைத் தட்டிப் பாருங்கள், பிரதி இருக்கவும் கூடும்.

இனிமேல் சொந்தப் பெயரில் ஒரு டொமைன், அதாவது இணைய முகவரி, வாங்குங்கள். பக்கத்தை எங்கே வைத்தாலும் முகவரி உங்களுடையதாக இருந்தால், ஒரு இடம் மூடும்போது சாமானைத் தூக்கிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். ஆனால் பக்கம் செய்து தந்த பொடியனின் பெயரிலும் மின்னஞ்சலிலும் டொமைனைப் பதிய விடாதீர்கள். அவர் கட்டாருக்குப் போனபின் பாஸ்வேர்ட் கேட்டு அலைந்த விடுதிக்காரர் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

தம்பலகாமம், கோயில் பரிபாலன சபை: பழைய கும்பாபிஷேக மலரின் கோப்புகளை மூடப்போகும் தளத்திலிருந்து எடுத்தோம். திறந்தால் ஒரே ஆங்கில எழுத்து. கெட்டுவிட்டதா?

கெடவில்லை, ஐயா. அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. நம் நாட்டில் ஒரு காலத்தில் அச்சகம், பத்திரிகை, கோயில் மலர் எல்லாம் பாமினிதான். 'அம்மா' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று தெரியும். எழுத்துருவை நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஆனால் அதோடு நிற்காமல், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யுனிகோடு முறைக்கு மாற்றுங்கள். இலவச மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒருவர் உட்கார்ந்து ஒப்பு நோக்க வேண்டும், உபயகாரர் பெயர்களில் பிழை வந்தால் கோயிலில் சண்டை வரும்.

எக்செலில் திறக்கும்போது தமிழ் கோணல் மாணலான குறிகளாகத் தெரிந்தால் அது வேறு விஷயம். கோப்பை இருமுறை தட்டித் திறக்காமல், டேட்டா என்ற பகுதி வழியாக, யுனிகோடு எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8 என்று சொல்லி உள்ளே எடுங்கள்.

மூதூர், கடைக்காரர்: நானா, கம்பனியே மூடினால் நம்முடைய விவரமும் அழிந்துவிடும்தானே? பிறகென்ன பயம்?

கம்பனி முறியும்போது மேசை கதிரையோடு சேர்த்து விலைக்குப் போவது உங்கள் விவரமும்தான். எச்சிலைக் குழாயில் அனுப்பினால் பரம்பரையைச் சொல்லும் 23அண்ட்மீ என்ற அமெரிக்க நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு போட்டது. அவர்களிடம் சுமார் ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணு விவரம் இருந்தது. உங்கள் தரவை இப்போதே அழியுங்கள் என்று கலிபோர்னியா சட்டமா அதிபரே மக்களுக்கு நினைவூட்டினார். கடைசியில் அதை வாங்கியது நிறுவனரின் புதிய அமைப்புதான். வேறு யாரிடமாவது போயிருந்தாலும் ஆச்சரியமில்லை.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் கணக்குக்குள் இன்னும் நுழைய முடிகிற காலத்திலேயே தேவையானதை எடுத்து, எடுத்ததைச் சரிபார்த்து, நீங்களே அழிப்பதுதான் கெதியான வழி. முக்கியமாக அடையாள அட்டைப் படம், வங்கி அட்டை விவரம். செயலியைப் போனிலிருந்து கழற்றுவது கணக்கை அழிப்பது ஆகாது.

திருக்கடலூர், மீனவர் சங்கம்: எடுத்ததை எங்கே வைப்பது? ஹார்ட் டிஸ்க் போதுமா?

ஒன்று போதாது. நம் உப்புக்காற்று இரும்பையே தின்னும். காற்றுப் புகாத டப்பாவில், சப்பாத்துப் பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா பொட்டலத்தோடு வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து ஓடவிடுங்கள். பென் டிரைவை நிரந்தரப் பெட்டகமாக நம்ப வேண்டாம்.

இரண்டாவது பிரதி கடலோரத்தில் இருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 என்று சொன்னால் திருக்கடலூரில் வேறு விளக்கம் தேவையில்லை, ஆல்பத்தோடு அலுமாரி போன வீடுகள் எத்தனை. கந்தளாயில் சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள். 1986இல் அங்கே குளம் உடைந்ததே என்று கேட்பீர்கள். சரிதான், ஆனால் கடலும் குளமும் ஒரே நாளில் வராது.

கோணேசபுரி, வளாக மாணவி: படிப்பு முடிந்தால் பல்கலைக்கழக மின்னஞ்சல் என்னாகும், அண்ணா?

என்றாவது ஒரு நாள் நின்றுபோகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைக் கொடுத்துத் திறந்த மற்றக் கணக்குகளில் முதலில் முகவரியை மாற்றுங்கள், அப்புறம் கோப்புகளை எடுங்கள்.

கிண்ணியா: வாப்பா மௌத்தாகி ஒரு வருடம். அவரின் ஜிமெயிலில் காணி உறுதியின் படங்கள் இருக்கின்றன. போனில் இன்னும் திறந்தபடிதான் கிடக்கிறது.

இன்றைக்கே எடுங்கள். இரண்டு வருடம் பாவிக்காத கணக்கை அழிக்கும் விதியைக் கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது. அவரின் சிம்மையும் கைவிடாதீர்கள். நம்பர் வேறொருவருக்குப் போனால் பாஸ்வேர்ட் மீட்கும் குறியீடும் அவருக்கே போகும். உங்கள் சொந்தக் கணக்கில் 'செயலற்ற கணக்கு மேலாளர்' என்ற அமைப்பைத் திறந்து, 3 முதல் 18 மாதம் வரை ஒரு காலத்தைத் தெரிவு செய்து, யாருக்கு என்ன போக வேண்டும் என்று இப்போதே குறித்து வையுங்கள்.

பெயர் போடாதவர்: இதற்கெல்லாம் எவ்வளவு எடுப்பீர்கள்?

ஜிப் திறந்து பார்க்கக் காசு இல்லை. டிஸ்க்கை நீங்கள் கொண்டுவாருங்கள். ஞாயிறு கடை பூட்டு.