புயல் சேதமும் செயற்கைக்கோள் படமும்: கேள்வி-பதில்

கேள்வி: புயலுக்கு மறுநாளே படம் கிடைக்குமா?

பதில்: கிடைத்தாலும் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். வயலில் நீர் தேங்கியதைப் பார்க்க சென்டினல்-1 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் ரேடார் படத்தை எடுங்கள். மேகம் அதற்குத் தடையில்லை. வெறும் நீர் கறுப்பாகத் தெரியும். நீருக்கு மேல் பயிர் நின்றால் அலை நீரிலும் தண்டிலும் பட்டுத் திரும்புவதால் பளிச்சென்று தெரியும். அதை வறண்ட வயல் என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: மக்காச்சோளம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. என்டிவிஐ (படத்திலிருந்து கணக்கிடும் பசுமை அளவு) குறையவே இல்லையே?

பதில்: சாய்ந்த பயிரும் பச்சைதானே! 7 முதல் 10 நாள் கழித்துப் பாருங்கள். தண்டு முறிந்தது அதற்குள் வெளிறத் தொடங்கும். வளைந்தது மட்டும் என்றால் ஓரளவு நிமிரும். ஒரு மாதம் ஆறப்போட்டால் களை மண்டி, மறுபடி பச்சை காட்டும்.

கேள்வி: முன், பின் படங்களை இணைத்துள்ளேன். என்டிவிஐ குறைவைக் காட்டும் சிவப்புப் பரப்பு இருமடங்காகிவிட்டது. பாதி சேதம் என்று எழுதலாமா?

பதில்: கூடாது. அனுப்பியது வெறும் ஸ்கிரீன்ஷாட்: தேதி இல்லை, பயிரின் வயது இல்லை, நிற அளவுகோல் இல்லை. இதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. மென்பொருளைத் தன்போக்கில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாக நிறம் பிரிக்கும். மூலையில் ஒரு குளமோ மேகமோ வந்தாலே வயலின் நிறம் மாறிவிடும். இரண்டுக்கும் 0.2 முதல் 0.9 வரை என்று அளவைப் பூட்டுங்கள். சென்டினல்-2 (பயிரின் பசுமையைப் படமெடுக்கும் செயற்கைக்கோள்) தரவோடு, ஒவ்வொரு பிக்சலும் மேகமா, நிழலா, பயிரா என்று எண்ணால் குறிக்கும் காட்சி வகைப்பாட்டு அடுக்கு வரும்; அதில் 3 (மேக நிழல்), 8, 9, 10 (மேகங்கள்) எண்களை நீக்குங்கள். நிழலின் ஓரம் அதற்கும் தப்பும், ஆகவே சுற்றிலும் 100 மீட்டர் கூடுதலாக வெட்டுங்கள்.

பிறகு, முற்றும் பயிரில் என்டிவிஐ தானாகவே இறங்கும். அதே வாரம் விதைத்த, சேதமில்லாத வயல் ஒன்றைப் பக்கத்தில் வையுங்கள். உங்கள் வயல் 0.78-லிருந்து 0.52, அந்த வயல் 0.80-லிருந்து 0.70. புயலின் கணக்கில் சேர்வது 0.16தான், 0.26 அல்ல. அதுவும் இலை இழப்பின் அடையாளம்; மகசூல் இழப்பை வயலில் இறங்கித்தான் அளக்க வேண்டும்.

கேள்வி: 2021 படத்தோடு ஒப்பிட்டால் இப்போது எல்லா வயலும் மோசமாகத் தெரிகிறதே?

பதில்: சென்டினல்-2 தரவில் 2022 ஜனவரி 25 முதல் ஒவ்வொரு பட்டையின் (ஒளி அலைவரிசையின்) மதிப்பிலும் 1000 கூட்டப்பட்டு வருகிறது. கழிக்காவிட்டால் என்டிவிஐ குறைவாகவே வரும். கழித்துவிட்டு, மறுபடி சொல்கிறேன், சேதமில்லாத வயலோடு ஒப்பிடுங்கள்.

கேள்வி: என் வயல் கால் ஹெக்டேர். போதுமா?

பதில்: 10 மீட்டர் பிக்சலில் 25 கட்டம். வரப்போரத்தை நீக்கினால் 9. போதாது.