ஜூலையில் நாய்க்கு ஏன் இப்படி மூச்சு இளைக்கிறது?

டெல்லி மயூர் விஹார் வாசகி ஒருவரின் கேள்வி: “எங்கள் லாப்ரடார் மே மாத வெயிலைக்கூடத் தாங்கிக்கொண்டான். ஜூலையில் கூலர் ஓடும் அறையிலேயே நாக்கைத் தொங்கப்போட்டு இளைக்கிறான். காது சுடுகிறது, மூக்கு காய்ந்திருக்கிறது. காய்ச்சல்தான், பாதி பாராசிட்டமால் கொடு என்கிறார் பக்கத்து வீட்டு மாமி. கொடுக்கலாமா? முடியை மழித்துவிடலாமா?”

முதலில் அந்த மாத்திரையைக் கொடுக்காமல் எடுத்து வையுங்கள். பாராசிட்டமால் நாயின் கல்லீரலைக் கெடுக்கும். பூனைக்கோ ஒரே மாத்திரை உயிரையே எடுத்துவிடலாம்.

நாயின் இயல்பான உடல்சூடே 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நாம் போர்த்திக்கொண்டு படுத்துவிடும் சூடு அதற்குச் சாதாரணம். நம் கைக்குச் சுடத்தான் செய்யும். தூங்கி எழுந்ததும் மூக்கு காய்ந்திருப்பதும் வழக்கம்தான். சந்தேகம் என்றால் டிஜிட்டல் தெர்மாமீட்டரில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துப் பாருங்கள். ஓய்வாக இருக்கும்போதே 103-ஐத் தாண்டினால் டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இளைப்பு. நாய்க்கு உள்ளங்காலில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கு, வாய், மூக்கின் ஈரம் ஆவியாகித்தான் சூடு வெளியேற வேண்டும். சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 10 முதல் 30 மூச்சு விடும் நாய், இளைக்கும்போது 300-ஐயும் தாண்டும். அந்த உழைப்பிலேயே சூடு ஏறாதா? ஏறுவதில்லை. நெஞ்சுக்கூடும் நுரையீரலும் இயல்பாக அதிரக்கூடிய வேகமே அது என்பதால் தசைகளுக்குப் பெரிய வேலையில்லை. மூச்சும் மேலோட்டமானது. இழுக்கும் காற்றில் பெரும்பகுதி நுரையீரலின் ஆழத்துக்குப் போகாமல் மூச்சுக்குழலோடு திரும்பிவிடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைவதுமில்லை. இவ்வளவையும் யோசிக்காமலே செய்கிறது உங்கள் பையன்!

உங்கள் கூலர் செய்வதும் அதே வேலைதான்: நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது. மே மாதக் காற்று வறண்டிருந்ததால் கூலருக்கும் நாக்குக்கும் சிரமமில்லை. ஜூலையில் காற்றே ஈரம். கூலர் அதில் இன்னும் ஈரத்தைச் சேர்க்க, நாக்கின் ஈரம் போக இடமில்லை. எனவே கூலரின் தண்ணீர் பம்பை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து காற்றை மட்டும் ஓடவிடுங்கள். ஏசி இருந்தால் இன்னும் நல்லது. நடையை விடியற்காலைக்கு மாற்றுங்கள்.

ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, நாய் தள்ளாடினால் அது ஹீட் ஸ்ட்ரோக். தெர்மாமீட்டரைத் தேடிக்கொண்டிருக்காமல் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, ஃபேன் போட்டு, பிறகு டாக்டரிடம் ஓடுங்கள். மொட்டைமாடி டேங்க் தண்ணீர் பகலில் கொதிக்கும், கையில் பட்டுப் பார்த்து ஊற்றுங்கள். இன்னொன்று, குளிர்ந்த அறையில் நன்றாகத் தூங்கும்போதும் மூச்சு அடிக்கடி 30-ஐத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டியிருக்கும்.

முடியை மழிக்க வேண்டாம். லாப்ரடாரின் மேல்முடி வெயில் தோலில் படாமல் காக்கிறது. தினமும் சீவி, உதிரும் அடிமுடியை எடுத்துவிட்டால் போதும்.